பெருமாள் பள்ளிகொண்டார்... நான் எழுந்து நடந்தேன்!

எங்கள் ஊருக்குப் பெயரே பள்ளிகொண்டா. வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற வழியில், பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் சுகமாகச் சயனித்திருக்கிற ஊர். பெங்களூரு நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்களுக்கு, டோல்கேட் என்றால் சட்டென்று ஞாபகம் வரும்.

சாமியே படுத்திருக்கிற ஊரில் ஆசாமி எழுந்து ஓடினால் நன்றாகவா இருக்கும்? இந்த உயர்ந்த கொள்கையோடுதான் நாற்பத்தாறு வயது வரை காலம் தள்ளினேன்.

வேலை, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில். ஸ்டோர்ஸ் கணக்கு. தோலைச் சதுர அடியில் அளப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்த லாட்டில் எத்தனை சதுர அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் இடுப்பு எத்தனை அங்குலம் என்று கேட்டால் மட்டும், ‘இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?’ என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

2023 ஆகஸ்டில் கம்பெனிக்குள் மருத்துவ முகாம் போட்டார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, கையில் ஒரு ஊசி. வெறும் வயிற்றில் சர்க்கரை 116. மூன்று மாத சராசரி 6.2.

“பார்டர்ல இருக்கீங்க சார்” என்றது அந்த லேப் பொண்ணு.

பார்டர் என்றதும் எனக்குக் குடியாத்தம் தாண்டி ஆந்திரா எல்லைதான் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து பரணில் எதையோ தேடும்போது அந்த அட்டைப் பெட்டி கையில் பட்டது. சிரிப்பு போய்விட்டது.

அது அப்பாவின் பெட்டி.

அப்பா பேரணாம்பட்டில் டேனரித் தொழிலாளி. சுண்ணாம்புத் தண்ணியிலும் ஈரத் தோலிலும் நின்றே உழைத்தவர். 2003-ல் என் கல்யாணத்துக்காக, கம்பெனி விலையில் அவருக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்தேன். மனுஷர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் காலில் மாட்டினார்.

அடுத்த வருஷம் வலது காலில் ஏதோ ஆணி குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை! சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருந்தது. நாத்தம் வந்த பிறகுதான் அம்மா பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். இடது ஷூ தேய்ந்து போனது. வலது ஷூ மட்டும் புத்தம் புதுசாகப் பெட்டியிலேயே இருக்கிறது.

உலகத்துக்கெல்லாம் ஜோடி ஜோடியாக ஷூ தைத்து அனுப்புகிற சீமையில், எங்கள் வீட்டில் ஒற்றை ஷூ.

அன்றைக்கு ராத்திரி பயந்தேன் பாருங்கள்... பயந்தவன் என்ன செய்வான்? கண்டதையும் செய்வான்!

முட்டைகோஸ் முதல் துடிக்கிற பெல்ட் வரை...

முதல் ஆலோசனை வாட்ஸ்அப்பில் வந்தது. ஏழு நாள் டயட். முதல் நாள் பழம் மட்டும், இரண்டாம் நாள் காய்கறி மட்டும், நாலாம் நாள் வாழைப்பழமும் பாலும், தாகத்துக்கு முட்டைகோஸ் சூப்! மூன்றாம் நாளே என் பக்கத்து நாற்காலிக்காரர் வேறு மேஜைக்கு மாறிவிட்டார். காரணம் கேட்காதீர்கள்.

ஏழாம் நாள் இரண்டரை கிலோ குறைந்திருந்தது. எட்டாம் நாள் பசி தாங்காமல் நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து, “ஏங்க, உள்ள யாராவது இருக்காங்களா?” என்று வீட்டுக்காரி கேட்டாள்.

அடுத்து பேலியோ. அரிசி கூடாது, இட்லி கூடாது. காலையில் எண்ணி நூறு பாதாம். என் சம்பளத்தில் பாதாமா? கணக்குப் பார்த்தேன். மாசத்துக்கு வீட்டுக் கடன் தவணையைவிடக் கொஞ்சம்தான் கம்மி! ஆனாலும் மூன்று வாரம் வைராக்கியமாக இருந்தேன். ஆறு கிலோ போச்சு. கம்பெனியில் ஒரே புகழ்ச்சி. நாலாவது வாரம் ஆம்பூரில் சித்தப்பா பையன் கல்யாணம். அண்டா திறந்தார்கள்... சீரகச் சம்பா வாசனை வந்தது... என் வைராக்கியம் தம் போட்ட ஆவியோடு சேர்ந்து மேலே போய்விட்டது. இரண்டு மாதத்தில் போன ஆறும் வந்து, துணைக்கு இன்னொரு கிலோவையும் கூட்டிக்கொண்டு வந்தது.

பிறகு டி.வி. விளம்பரம் பார்த்து இடுப்பில் கட்டுகிற துடிக்கிற பெல்ட். தோல் பெல்ட் செய்கிற ஊர்க்காரன், காசு கொடுத்துப் பிளாஸ்டிக் பெல்ட் வாங்கிய கேவலத்தை எங்கே சொல்ல! தொப்பை துடித்ததே தவிரக் குறையவில்லை. இப்போது அதில்தான் வீட்டுக்காரி கேஸ் சிலிண்டர் மேல் பழைய துணி கட்டி வைத்திருக்கிறாள்.

கடைசியாக, ஜனவரி ஒண்ணாம் தேதி, தினம் பத்தாயிரம் அடி நடப்பதென்று சபதம். முதல் நாளே பதினாலாயிரம்! மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டேன். பெருமாள் மாதிரியே.

(இந்தப் பத்தாயிரம் அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே ‘மன்போ-கெய்’. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விளம்பரத்துக்கு வைத்த பெயர், வைத்தியமாகிவிட்டது! 2019-ல் பதினாறாயிரத்துச் சொச்சம் வயதான அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே ஆயுள் பலன் நன்றாகத் தெரிந்தது. 7,500-க்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை.)

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

முழங்காலைக் காட்டத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சின்ன வயசு லேடி டாக்டர். நான் செய்த வீரச் செயல்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதுல எதை நீங்க அடுத்த தீபாவளிக்கும் செஞ்சிட்டிருப்பீங்க?”

யோசித்தேன். முட்டைகோஸ்? ஊஹும். பாதாம்? பேங்க்ல லோன் தரமாட்டான். பெல்ட்? சிலிண்டர் விடாது.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“அப்ப இது எதுவுமே உங்களுக்கு மருந்து இல்ல. ஏழு நாள், இருபத்தொரு நாள்னு முடிவு தேதி போட்டு ஆரம்பிச்சா, அந்தத் தேதியில எல்லாமே முடிஞ்சிடும். சர்க்கரைக்கு முடிவு தேதி கிடையாது சார்.”

முதல் வாரத்தில் குறைகிற எடையில் பெரும்பகுதி கொழுப்பே இல்லையாம். மாவுச்சத்தை நிறுத்தினால், உடம்பு சேமித்து வைத்திருக்கிற சர்க்கரைக் கையிருப்பு தீரும். அந்தக் கையிருப்பு ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கையிருப்பு போனால் தண்ணீரும் போகும். திரும்பச் சோறு சாப்பிட்டால் தண்ணீர் திரும்பும். எனக்குப் போனதும் வந்ததும் பாதி பாலாற்றுத் தண்ணி!

பேசிக்கொண்டே டாக்டர் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டுத் தொட்டு, “தெரியுதா?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பா கதையைச் சொன்னேன்.

“நீங்க கரிகிரி பக்கத்து ஆளுதானே? அப்ப இந்த விஷயம் உங்க ஊர்ல கண்டுபிடிச்சது” என்றார்.

காட்பாடி பக்கம் கரிகிரியில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருப்பது தெரியும். மீதிக் கதை தெரியாது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை நிபுணர், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் போகின்றன என்று தேடினார். நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு. மரத்துப் போன பாதத்துக்கு வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சின்னக் காயம் பெரிதாகிறது! அதற்கு அவர் சொன்ன வழி, பாதத்தைத் தினமும் பார்ப்பது. மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடுவது. 1960-களில் அமெரிக்கா போன பிறகு, இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் சொன்னார்.

அதிசய லேகியம் இல்லை. செருப்பு, தினம் ஒரு பார்வை. அவ்வளவுதான். அப்பாவின் காலைத் தின்றது ஆணி இல்லை. தினமும் பார்க்காமல் விட்டது.

சென்னையில் நடந்த பந்தயம்

‘சரி மேடம், சின்னச் சின்னதா செஞ்சா நிஜமாவே பலன் இருக்குமா?’ என்று கேட்டபோது, நம் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார்.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. என்னை மாதிரி பார்டரில் இருந்த 531 பேர். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு கூட்டத்துக்கு, தினம் அரை மணி வேகநடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம் என்று தொடர்ந்து வழிகாட்டல். சுமார் மூன்று வருஷத்தில் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகள். இரண்டாவது கூட்டத்தில் 39 பேர்தான்.

இதில் என்னைத் தூக்கி உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்த இரண்டாவது கூட்டத்தாரின் எடை பெரிதாகக் குறையவே இல்லை! நான்தான் எடை மெஷினைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது.

அந்த 39 பேருக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். நூறு சதவீத உத்தரவாதம் எதிலும் இல்லை. உத்தரவாதம் தருகிறவன் எதையோ விற்கிறான் என்று அர்த்தம்.

என் பட்டியல் ரொம்பச் சின்னது

ஒண்ணு, டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. சுமார் பத்து கிராம். ஆறு டீக்கு அறுபது. மாதம் ஒன்றே முக்கால் கிலோ! உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளைக்கு இப்படிச் சேர்க்கிற சர்க்கரை ஐம்பது கிராமுக்குள் இருக்கட்டும், இருபத்தைந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நான் டீயிலேயே கோட்டாவை முடித்திருக்கிறேன். இதில் மக்கன் பேடா கணக்கு தனி.

ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தேன். டீ மாஸ்டருக்குத்தான் வருத்தம். “இன்னா அண்ணே, டீயில எதுனா குறையா?” என்றார். “குறை என்கிட்டதான்பா” என்றேன். இப்போது மூன்று டீ, அரை ஸ்பூன். வெல்லம், தேன், பனங்கற்கண்டு என்று மாறுவேடத்தில் வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். அதையும் டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு, தட்டு. முன்பு சோறு மலை, பொரியல் மலையடிவாரம். இப்போது இடம் மாற்றிக்கொண்டார்கள். பாதித் தட்டு காய். கால் தட்டு பருப்போ, முட்டையோ, மீனோ. மீதிக் காலில் சோறு. எங்கள் பக்கம் காய்க்குப் பஞ்சமா? இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, 2023-ல்! சாயங்காலப் பசிக்கு வேகவைத்த வேர்க்கடலை.

களிக்கு மாறினால் போதுமே என்பார்கள். கேழ்வரகு நல்லதுதான், நார்ச்சத்து அதிகம். ஆனால் அதிலும் மாவுச்சத்து உண்டு. மூன்று உருண்டை களியை உள்ளே தள்ளிவிட்டு, ‘சிறுதானியம்தானே’ என்றால் ரத்தம் கேட்காது.

பிரியாணி? சாப்பிடுகிறேன் ஐயா! ஆம்பூர் பக்கத்தில் பிரியாணியை விடச் சொன்னால் ரேஷன் கார்டையே பிடுங்குவார்கள். கட்டிங் செக்‌ஷன் பாய் சொன்ன வழிதான். “அண்ணே, பிரியாணிக்குக் கத்தரிக்காய் தொட்டுக்கறீங்க. இனிமே கத்தரிக்காய்க்கு பிரியாணி தொட்டுக்கோங்க!” வாரம் ஒரு நாள், ஒரு கரண்டி கம்மி. தயிர் வெங்காயமும் கத்தரிக்காயும் தாராளம்.

மூன்று, நடை. வேலூரை வெயிலூர் என்பார்கள். பகலில் நடந்தால் வத்தல்தான். அதனால் காலையில் கம்பெனி பஸ் நிற்கிற கூட்ரோடு வரை, பைக்கை விட்டுவிட்டுப் பதினைந்து நிமிஷ நடை. ராத்திரி சாப்பிட்டதும், வீட்டுக்காரியோடு கோயில் தெருவைச் சுற்றி இன்னொரு பதினைந்து நிமிஷம். சாப்பிட்டதும் நடந்தால், தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். 2016-ல் நியூசிலாந்தில் 41 சர்க்கரை நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிஷம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பலன் இன்னும் அதிகம்.

இன்னொரு பலன் ஆய்வில் இல்லை. இருபது வருஷத்துக்கப்புறம் பெண்டாட்டியோடு தினம் கால் மணி நேரம் பேசுகிறேன். (பேசுகிறேன் என்றா எழுதினேன்? கேட்கிறேன்.)

நாலாவது, ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. ஒரு நிமிஷம்.

வழுக்கி விழுந்த கதை

எல்லாம் ஒழுங்காகப் போனதாக நினைக்காதீர்கள். ஐப்பசி மழையில் பத்து நாள் நடக்கவில்லை. தீபாவளிக்கு அதிரசம் எத்தனை என்று எண்ணவில்லை. பழைய நானாக இருந்தால், ‘அவ்வளவுதான், போச்சு’ என்று அத்தோடு மூட்டை கட்டியிருப்பேன்.

பழக்கம் படிய இருபத்தொரு நாள் போதும் என்பார்கள். நம்மவர்கள் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் என்பார்கள். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் சராசரி 66 நாள் ஆயிற்று. சிலருக்குப் பதினெட்டு, சிலருக்கு இருநூற்றைம்பது நாளுக்கு மேலேயும்கூட என்று கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் குடிமுழுகிப் போகவில்லை என்பதையும் அவர்களே கண்டார்கள். அதனால் எனக்கு ஒரே சட்டம்தான். விட்ட நாளுக்குப் பரிகாரம் கிடையாது, பட்டினி கிடையாது. மறுநாள் செருப்பை மாட்டு.

ஒரு விஷயம் மட்டும் நெஞ்சை உறுத்தியது. எனக்கு நாற்காலி வேலை, எழுந்து நடக்க நேரமும் இருக்கிறது. எங்கள் கம்பெனி லைனில் தைக்கிற பெண்கள்? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஏழு மணி வேனைப் பிடிக்கிறவர்கள். அவர்களைப் பார்த்து ‘ஜிம்முக்குப் போங்கம்மா’ என்றால் தைக்கிற ஊசியாலேயே குத்துவார்கள். நியாயம்தானே?

அவர்களில் ஓர் அக்கா தானாகவே வழி கண்டார். மதியச் சாப்பாடானதும் பத்து நிமிஷம் ஷெட்டைச் சுற்றி நடை. முதலில் மூன்று பேர். இப்போது இருபது பேருக்கு மேல். “சார், தனியா நடந்தா பைத்தியம்ங்கறான். கும்பலா நடந்தா சங்கம்ங்கறான்!” என்றார்.

இதற்கும் சென்னையில் ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் வி. மோகன் குழு ஆய்வு நடத்திய ஒரு குடியிருப்பில், ஜனங்களே காசு போட்டு ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். முன்பு அங்கே வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குப் பதினாலு பேர். ஏழு வருஷம் கழித்து ஐம்பத்தெட்டுப் பேருக்கு மேல்! நடக்க இடமும் துணையும் இருந்தால் ஜனங்கள் நடப்பார்கள். ஒவ்வொருத்தரின் வைராக்கியத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், என்னைப் பார்த்துத் திடீரென்று சோற்றைக் குறைக்கவோ மருந்தை நிறுத்தவோ கூடாது. சர்க்கரை இறங்கிப்போனால் ஆபத்து. டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

என் கணக்கைக் கேட்கிறீர்களா? பதினாலு மாதத்தில் நாலு கிலோதான் குறைந்தது. யாரும் கவனிக்கவில்லை, புகழவுமில்லை. ஆனால் 6.2 என்பது 5.8 ஆகியிருந்தது. பார்டரைத் தாண்டி முழுசாக வெளியே வரவில்லை. அந்தப் பக்கம் போகவும் இல்லை. அங்கேயே காவல் நிற்கிறேன். தினமும்.

போன மாதம் செருப்பு தேய்ந்துவிட்டதென்று ஃபினிஷிங் செக்‌ஷன் பெரியவரிடம் காட்டினேன். முப்பது வருஷம் சோல் பார்த்த கண். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா நடக்கறீங்க போலக்குதே! ரெண்டும் சமமா தேஞ்சிருக்கு.”

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த அப்பாவின் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். அந்த வலது ஷூவின் அடி இன்னும் பளபளவென்று இருந்தது.